ராஜா வண்டியின் பூர்வோத்தரம்

என்னிடம் சொந்தமாக மோட்டார் வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது. பிரயாணத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டால், மற்றவர்கள் மூடியைத் தூக்கிப் பார்க்கும்போது நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எல்லாம் புரிந்தவனைப்போல் தலையை ஆட்டுவதுண்டு. என் மோட்டார் ஞானம் அவ்வளவுதான். இப்படிப்பட்டவனிடம் வந்து, தொண்ணூறு வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழ வண்டிக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கேட்டவர் புதுக்கோட்டை நண்பர். "திருமயத்துக்கு அப்பால் ஒரு செட்டிநாட்டு ஊரில், ஓர் ஆச்சி வீட்டில் பழைய கார் ஒன்று நிற்கிறது. புதுக்கோட்டை ராஜாவும் அவருடைய ஆஸ்திரேலிய ராணியும் ஏறிப்போன வண்டி என்று ஊரே சொல்கிறது. சென்னையிலிருந்து ஒரு தரகர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சும்மா பழைய வண்டி என்றால் ஒரு விலையாம். ராஜா வண்டி என்று யாராவது பெயர் தெரிந்தவர் எழுத்தில் கொடுத்தால் அதைப்போல் எட்டு மடங்காம். நீர் எழுதினால் நம்புவார்கள்" என்றார்.

"நான் கதை எழுதுகிறவன், ஐயா!"

"அதனால்தான் உம்மிடம் வந்தேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸிலேயே அந்தப் பத்திரத்தின் முதல் இரண்டு பாராக்களை மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். மாலை வெயில், செம்மண் புழுதி, வெல்வெட்டு ஆசனத்தில் சாய்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி, அவளை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சி ஒதுங்கி நிற்கும் ஜனங்கள் - வாக்கியங்கள் தாமாகவே வந்து விழுந்தன. அவை அவ்வளவு சுலபமாக வந்ததே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும்.

வண்டி, வீட்டின் பின்கட்டையும் தாண்டி, ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் நின்றது. மேலே தார்ப்பாய். அதன்மேல் புறா எச்சம். தார்ப்பாயை இழுத்ததும் கறுப்பும் பச்சையும் கலந்த ஒரு பெரிய உருவம், கண்கள் இரண்டையும் இழந்து, விளக்குக் கூடுகள் மட்டும் பிதுங்க எங்களைப் பார்த்தது. ஆச்சிக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். கோலை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"வாங்க தம்பி. இதுதான் ராஜா வண்டி. அந்த வெள்ளைக்கார ராணி இருந்தாகல்ல, அவுக ஏறிப்போனது. ராஜா சீமைக்குப் போறப்ப, எங்க மாமனார்கிட்டக் குடுத்துட்டுப் போனாகளாம். எனக்குக் கலியாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் இதுலதான்" என்றார்.

இந்த இடத்தில், அந்த ராஜாவையும் ராணியையும் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கண்டார். அதே வருஷம் ஆகஸ்டு மாதம் மெல்போர்ன் நகரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் சர்க்கார் அதை ஏற்கவில்லை. ராணி என்ற அந்தஸ்தை மாலிக்குக் கொடுக்க மறுத்தார்கள். பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்றும் ஆகிவிட்டது. தம்பதிகள் புதுக்கோட்டைக்கு வந்து சில மாதங்களே தங்கினார்கள். மாலி கர்ப்பமாயிருந்தபோது கடுமையாக நோய்வாய்ப்பட, அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது. 1916-ல் ஆஸ்திரேலியாவுக்கே புறப்பட்டுவிட்டார்கள். அவர்களுடைய மகன் அங்கே சிட்னியில்தான் பிறந்தான். பிறகு ஐரோப்பிய வாசம். ராஜா 1928 மே மாதம் பாரிஸில் காலமானார். மாலி 1967 வரையில் இருந்தாள். புதுக்கோட்டைப் பட்டத்துக்கு ஆறு வயது பாலகன் ராஜகோபாலத் தொண்டைமான் வந்தார். 1948-ல் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தவர் அவரே. நாவலாசிரியன் கைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. ஆனால், கார் விஷயத்தில் இதில் பயன்படுவது ஒரே ஒரு எண்தான்: 1916. மாலி புதுக்கோட்டைச் சாலையில் ஒரு காரில் போயிருந்தால் அது 1916-க்கு முந்திய காராக இருக்க வேண்டும்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை விசாரிக்க எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவரை நண்பர் அழைத்து வந்திருந்தார். புதுக்கோட்டையில் ஐம்பது வருஷமாகப் பட்டறை வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டுவிட்ட மெக்கானிக். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாய்' தான். பாய் வண்டியின் அழகைப் பார்க்கவில்லை. ராஜா பெயரைக் கேட்டுக் கைகட்டி நிற்கவும் இல்லை. நேரே தரையில் சாக்கை விரித்து, டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். கால் மணி நேரம் அவருடைய பாதங்களோடுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

"சார், முன் சக்கரத்துல பிரேக் இருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"அது நல்லதுதானே?" என்றேன் நான்.

"ஓட்டுறதுக்கு நல்லது. நம்ம கதைக்கு நல்லதில்லே."

விஷயம் இதுதான். ஆரம்ப காலத்து மோட்டார்களுக்குப் பொதுவாகப் பின் சக்கரங்களில் மட்டுமே தடை உண்டு. நான்கு சக்கரத்துக்கும் தடை என்பது 1920-களின் நடுவில்தான் பரவலாயிற்று. அமெரிக்காவில் ப்யூக் கம்பெனி 1924 மாடலில் கொடுத்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் விலை குறைந்த ஷெவர்லே வண்டிக்கு 1928 மாடலில்தான் வந்தது. பாய் வெளியே வந்து, மூடியைத் தூக்கினார். ஆறு சிலிண்டர் எஞ்சின். மேலே வால்வுகள். மூடித் தகடுகளை இறுக்கியிருந்த ஆணிகளின் தலையில் திருப்புளிக்கான கீறல். அமெரிக்காவில் அடுப்புகளைப் பூட்டும் ஆணிகளும் இப்படித்தான் இருக்குமாம். ஆகவே இந்த எஞ்சினுக்கே 'அடுப்பு ஆணி' என்று அங்கே பட்டப்பெயர். நாலு சிலிண்டர் வண்டியின் விலைக்கு ஆறு சிலிண்டர் என்று சொல்லி ஷெவர்லே அதை 1929 மாடலில் வெளியிட்டது. அதற்கு முந்திய வருஷமே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் தொழிற்சாலை திறந்து, பெட்டி பெட்டியாக வந்த உறுப்புகளைப் பூட்டி, இந்தியா முழுவதும் விற்கத் தொடங்கியிருந்தது.

நான் ஒரு வக்கீல் வாதம் செய்து பார்த்தேன். "எஞ்சினைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே, பாய்?"

"மாத்தலாம் சார். எத்தனையோ வண்டிக்கு நானே மாத்தியிருக்கேன். அதனாலதான் முதல்ல அச்சைப் பார்த்தேன். எஞ்சினை மாத்துவான், முன் அச்சையும் சட்டத்தையும் சேர்த்து எவன் மாத்துவான்? எல்லாம் ஒரே குடும்பம்" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதத்தை எடுத்தார். எஞ்சினில் எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காகிதத்தை அதன்மேல் பதித்து, பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழும்பி வந்தன. வண்டிகளைப் பதிவு செய்யும் அலுவலகங்களில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம் இது. எனக்கோ உடம்பு சிலிர்த்தது. குடுமியான்மலையின் பிரசித்தி பெற்ற சங்கீதக் கல்வெட்டைப் போன்றவற்றைப் படி எடுக்கும் முறையும் ஏறக்குறைய இதுவேதான். நனைந்த காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களில் இறக்கி, பிறகு மையை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் வரும். புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளையெல்லாம் இப்படிப் படி எடுத்து, 1929-ல் புத்தகமாகவே அச்சிட்டார்கள். அதே 1929-ல்தான் புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. ஷெவர்லே ஆறு சிலிண்டர் வந்ததும் அந்த வருஷ மாடலில்தான் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாய் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஃபேக்டரியில குத்தின எண் ஒரே ஆழமா, ஒரே வரிசையா இருக்கும். பின்னால எவனாவது அரம் போட்டுத் தேய்ச்சுட்டு வேற எண் குத்தினா, அந்த இடம் பள்ளமாத் தெரியும், எழுத்து ஆடும். இது ஆடலே. வண்டி யோக்கியமான வண்டி. ஆனா ராஜா வண்டியில்லே. 1929-க்கு முந்தினது இல்லவே இல்லே."

அதாவது, மாலி ஃபிங்க் புதுக்கோட்டையை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷங்களுக்காவது பிறகு உண்டான வண்டி. ராஜாவும் அதற்குள் காலமாகிவிட்டார். என்னுடைய வெல்வெட்டு ஆசனமும் மாலை வெயிலும் அந்தக் கொட்டகைப் புழுதியில் விழுந்தன.

ஆச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்றைக்கு "இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நண்பர் வீட்டுக்குத் திரும்பினேன். இரவு முழுவதும் யோசனை. தரகருக்கு வேண்டியது ஒரு கடிதம். ஆச்சிக்கு வேண்டியது பணம். ஓடு பெயர்ந்து மழைக்கு ஒழுகும் ஒரு பெரிய வீட்டை அவர் ஒருவராகக் காத்துக்கொண்டிருக்கிறார். கடிதம் எழுதினால் யாருக்கு நஷ்டம்? எங்கோ ஒரு பணக்காரர் தம்முடைய கூடத்தில் ராஜா வண்டியை நிறுத்திவைத்துச் சந்தோஷப்படுவார். கதை எழுதுகிறவன் இதைவிடப் பெரிய பொய்களை மாதா மாதம் அச்சில் ஏற்றுகிறானே!

ஆனால், பழைய கார்களின் உலகத்தில் கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் படித்திருந்தேன். ஆல்வார் மகாராஜா லண்டனில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கடைக்குள் சாதாரண உடையில் போனாராம், கடைக்காரன் அவமதித்தானாம், அத்தனை கார்களையும் விலைக்கு வாங்கி வந்து ஊர்க் குப்பை அள்ள விட்டாராம். கேட்கச் சுகமான கதை. ஆனால் இதே கதையை ஹைதராபாத் நிஜாமைப் பற்றியும், பரத்பூர் மகாராஜாவைப் பற்றியும், பாட்டியாலா மகாராஜாவைப் பற்றியும் சொல்கிறார்கள். கார்களின் எண்ணிக்கையும் சொல்பவரைப் பொறுத்து மாறும். ஒரு கதை ஊருக்கு ஊர் ராஜாவை மாற்றிக்கொண்டு போகிறதென்றால் அது எந்த ராஜாவுக்கும் சொந்தமில்லை என்றுதான் நான் முடிவு செய்வேன்; எங்கள் தொழிலில் இதெல்லாம் அத்துப்படி.

நம்ப முடியாதது எல்லாம் பொய் என்றும் எண்ணிவிடக் கூடாது. கல்கத்தாவில் மாத்யூசன் என்ற ஆங்கிலேயர் 1910-ல் அன்னப்பட்சி வடிவத்தில் ஒரு கார் செய்வித்தார். இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இருந்த ப்ரூக் கம்பெனி செய்து கொடுத்தது. அன்னத்தின் மூக்கு வழியாக வெந்நீராவி சீறும். எதிரே நிற்கும் ஜனங்கள் சிதறி ஓடுவார்கள். சக்கரங்களில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கத் தூரிகைகள் இருந்ததாகவும் சொல்கிறார்கள். பிறகு அது நாபா மகாராஜாவிடம் போயிற்று. இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால் ஆசிரியர் அடித்துப் போட்டிருப்பார். ஆனால் அந்த அன்னம் இன்றைக்கும் இருக்கிறது. ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் நிற்கிறது. செய்தவர், செய்வித்தவர், கைமாறியவர்கள் என்று சங்கிலியாகத் தொடர்ந்து வருவதால், எவ்வளவு விசித்திரமாயிருந்தாலும் அதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

சங்கிலி என்று சொன்னதும் ஒரு கோர்ட்டு வழக்கு ஞாபகம் வருகிறது. இந்த விஷயத்தில் இதைவிட ருசிகரமான வழக்கு இருக்க முடியாது.

பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் இருபத்து நான்கு மணி நேரம் ஓயாமல் ஓடும் கார்ப் பந்தயம் நடைபெறும். 1929-லும் 1930-லும் அதில் வென்றது ஒரே கார், ஆறரை லிட்டர் பென்ட்லி. இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. அந்த வண்டிக்கு 'பழைய ஒன்றாம் நம்பர்' என்று செல்லப் பெயர். பிறகு இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயங்களுக்காக அதைப் பல தடவை மாற்றிக் கட்டினார்கள். எட்டு லிட்டர் எஞ்சினைக்கூடப் பூட்டினார்கள். 1932-ல் ஐந்நூறு மைல் பந்தயத்தில் அது சரிவான பாதையின் விளிம்பைத் தாண்டிப் பறந்து, ஓட்டிய க்ளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பிற்பாடு பர்னாட்டோ அதை மூடிய காராகக் கட்டிக்கொண்டார்.

அறுபது வருஷங்கள் ஓடின. ஹப்பர்ட் என்ற சொந்தக்காரர் 1990-ல் அதை மிடில்பிரிட்ஜ் என்ற கம்பெனிக்கு ஒரு கோடி பவுனுக்கு விற்கச் சம்மதித்தார். அப்போது வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். "இது லெ மான் பந்தயத்தில் ஓடிய வண்டியே அல்ல, அதன் பெயரைப் போட்டுக்கொண்ட வேறு இரும்பு" என்றார்கள். வழக்கு லண்டன் ஹைகோர்ட்டில் நீதிபதி ஆட்டன் முன்பு வந்தது. நிபுணர்கள் வண்டியை ஆணி ஆணியாக ஆராய்ந்தார்கள். 1929-ல் ஜெயித்த வண்டியில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஆயிற்று. 1930-ல் ஜெயித்ததில் மிஞ்சியவை பெடல்களின் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு - இவ்வளவே.

இங்கே நிறுத்தி, வாசகர்களை நீதிபதியின் ஆசனத்தில் உட்கார வைத்துக் கேட்கிறேன். தீர்ப்பு என்ன சொல்வீர்கள்? மூன்று உறுப்புகளுக்கு ஒரு கோடி பவுனா?

நீதிபதி வண்டிக்காரர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட அசல் உருவம் இது அல்லதான். ஆனாலும், இந்த வண்டி எந்த நாளிலும் இல்லாமல் போனதில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் உறுப்பு மாறியதே தவிர, வாழ்க்கை அறுபடவில்லை. வேறு எந்த வண்டியும் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடவும் இல்லை. ஆகவே 'பழைய ஒன்றாம் நம்பர்' என்று இதை அழைப்பது நியாயமே என்றார்.

இங்கிலீஷ்காரர்களுக்கு இது ஆச்சரியமாயிருந்திருக்கலாம். நமக்கு என்ன ஆச்சரியம்? திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் தீப்பற்றி எரிந்தது. 1930-ல் புதிதாகச் செய்து ஓட விட்டார்கள். பிற்காலத்தில் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் தொழிற்சாலை இரும்புச் சக்கரங்களும் தடைகளும் பூட்டிக் கொடுத்தது. வடம் பிடிக்கிற எவனாவது, "இது அப்பர் காலத்துத் தேர் அல்லவே, இழுக்க மாட்டேன்" என்று விலகிப் போனானா?

அப்படியானால் ஷெவர்லேயை ராஜா வண்டி என்று சொல்லிவிட்டால்தான் என்ன? படுக்கையில் புரண்டுகொண்டே இந்தக் கேள்விக்கு வந்தேன். விடையும் பழைய காலத்திலிருந்துதான் கிடைத்தது. உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவி எத்தனையோ செங்கற் கோயில்களைக் கற்றளிகளாகக் கட்டினார். கும்பகோணத்துக்கு அருகே திருக்கோடிக்காவலில் அப்படிக் கட்டியபோது, பழைய சாசனங்கள் அங்கங்கே உதிரிக் கற்களில் கிடந்தன. அவற்றை எறிந்துவிடவில்லை. புதுச் சுவரில் அவற்றைத் திரும்பப் பொறித்தார்கள். பொறித்ததோடு, இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்பதையும் சேர்த்து வெட்டி வைத்தார்கள். 'பழங்கற்படி' என்பது அவர்களுடைய வார்த்தை. பத்தாம் நூற்றாண்டுக் கல்தச்சன் ஒருவன், அந்த ஒரு வரியை விட்டுவிட்டிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அதற்காக உளியை அவன் இன்னும் அரை நாள் அதிகமாகப் பிடித்திருக்கிறான்.

அந்த லண்டன் வழக்கிலும், மாற்றிய உறுப்புகளின் விவரங்கள் ஒளிக்கப்பட்டிருந்தால் நீதிபதி அப்படித் தீர்ப்புச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகமே. மாற்றியது குற்றமில்லை. மாற்றியதைச் சொல்லாததுதான் விஷயம். ஷெவர்லே விஷயத்தில் மாற்றமே இல்லை. பெயர் மட்டும் வேறு ஒருவருடையது.

மறுநாள் காலை ஆச்சியிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "அப்ப ஊர்ல எல்லாரும் ராஜா வண்டினு சொன்னது பொய்யா தம்பி?" என்று கேட்டார்.

"பொய் என்று சொல்ல மாட்டேன், ஆச்சி. எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கும். உங்கள் மாமனாருடைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றனவா?"

நகரத்தார் வீட்டில் இந்தக் கேள்விக்கு இல்லை என்ற பதில் வராது. கொட்டகைக்குப் போகும் வழியிலிருந்த ஓர் அறையில் பேரேடுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. இரண்டு நாள் புழுதி தின்றோம். வருஷங்கள் தமிழ் வருஷங்களாக இருந்தபடியால் பக்கத்தில் அறுபது வருஷப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. பிரமோதூத வருஷத்துப் பேரேட்டில், அதாவது 1930-31-ல், அகப்பட்டது: திருச்சிராப்பள்ளியில் புது மோட்டார் வாங்கிய வகையில் மூவாயிரத்துச் சொச்சம். அதற்கு மேல் வழி நெடுகப் பெட்ரோல், டயர், டிரைவர் சம்பளம், டிரைவருக்குக் காக்கிச் சட்டை இரண்டு. யுவ வருஷத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'அரண்மனைக்குப் போய்வந்த வகையில் பெட்ரோல்.' அந்த வருஷத்தில் மட்டும் நான்கு தடவை அதே வரி.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சமஸ்தான காலத்தில் செட்டியார் தம்முடைய மோட்டாரில் அரண்மனை வாசலுக்குப் போய்த் திரும்புவதை ஊரார் பார்த்திருக்கிறார்கள். ராஜா வீட்டுக்குப் போகிற வண்டி, நாளடைவில் ராஜா வீட்டு வண்டி, பிறகு ராஜா வண்டி. ராணியை அதில் ஏற்றியது யார் என்று தெரியவில்லை. நல்ல கதைக்கு ஒரு பெண் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த ஆள் என் தொழிலுக்கு வந்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பார்.

மோட்டார் சம்பந்தமான கதைகளுக்குப் புதுக்கோட்டையில் குறைவே இல்லை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஐ ஒட்டித் தம்முடைய முதல் பஸ்ஸைத் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே விட்டார் என்று ஒரு வரலாறு; மதுரையில்தான் தொடங்கினார் என்று இன்னொரு வரலாறு. இரண்டும் அச்சில் இருக்கின்றன. குதிரை லாடத்து ஆணிகள் டயரைக் குத்தாதபடி, பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை அனுப்பினார் என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஷெவர்லே ராஜாவைப் பிடித்துக்கொண்டதில் என்ன அதிசயம்?

பேரேட்டில் இன்னொரு வகையும் இருந்தது. அதை முதலில் புரிந்துகொண்டவர் பாய்தான். பார்த்திப வருஷத்தில், அதாவது 1945-46-ல், 'மோட்டாருக்குத் தேக்குச் சட்டம் அடித்த ஆசாரிக்குக் கூலி'. அந்தக் காலத்து ஷெவர்லே உடம்பு முழு இரும்பல்ல. உள்ளே மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். அமெரிக்க மரத்தைச் செட்டிநாட்டுக் கரையான் தின்றிருக்கிறது. யுத்தம் முடிந்த சமயம். புது வண்டியும் கிடையாது, உறுப்பும் கிடையாது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகளுக்குக் கரி அடுப்புப் பூட்டி, அதன் காஸில் ஓட்டினார்களே, அதற்காகப் பின்புறத்தில் போட்ட துளைகள் நான்கு இந்த வண்டியிலும் இருப்பதைப் பாய் காட்டினார். வீடு கட்டியபோது மிஞ்சிய பர்மாத் தேக்கை எடுத்து, ஊர் ஆசாரி, கரையான் விட்டுவைத்த துண்டுகளை அளவாக வைத்து, கதவு நிலை செய்கிற இழைப்போடு முழுச் சட்டத்தையும் புதிதாக அடித்திருக்கிறார். பாய் கதவைத் திறந்து மூடினார். சத்தமே இல்லை. மறுபடி திறந்து மூடினார்.

"இவ்வளவு கூலிக்கு இந்த வேலையா!" என்றார். அவர் அந்த இரண்டு நாளில் ஆச்சரியப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பழைய வாகனங்களுக்கென்று மத்திய சர்க்கார் 2021-ல் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு விசேஷ எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி முதலில் இருந்த உருவிலேயே இருக்க வேண்டும். சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது விதி. ஆசாரியின் தேக்கு மாற்றமா, பழுதுபார்த்தலா? வெளித் தகடு பழையது, அளவு பழையது, உள் மரம் மட்டும் வேறு. நீதிபதி ஆட்டன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பரிசோதிக்க வருகிற அதிகாரி என்ன சொல்வார் என்பதை ஆச்சியின் பேரன்தான் போய்க் கேட்க வேண்டும்.

தரகருக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். இது 1930-31-ல் திருச்சியில் புதிதாக வாங்கிய ஆறு சிலிண்டர் ஷெவர்லே. முதல் நாளிலிருந்து ஒரே குடும்பத்தில் இருந்து வருகிறது. வாங்கியதற்கும் ஓட்டியதற்கும் செப்பனிட்டதற்கும் கணக்கு உண்டு. எஞ்சின் எண்ணின் பென்சில் படி இத்துடன் இருக்கிறது. ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கும் மாலிக்கும் இதோடு சம்பந்தம் இல்லை. உள் மரச்சட்டம் பிற்காலத்தில் தேக்கினால் அமைந்தது. மாலை வெயில், செம்மண் புழுதி எதுவும் இல்லை. என் எழுத்திலேயே இவ்வளவு வறண்ட எழுத்து வேறொன்று கிடையாது.

தரகர் எட்டு மடங்கை மறந்துவிட்டார். பழைய விலையை மட்டும் இரண்டு மடங்காக்கிக் கொடுக்கலாம், கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று பேரனிடம் கைபேசியில் சொன்னாராம். புத்தகத்தைத் தர முடியாது என்று ஆச்சி சொல்லிவிட்டார். பேச்சு அந்த மட்டில் நிற்கிறது.

கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் ஆச்சிக்கு அதை முழுக்கப் படித்துக் காட்டியிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ராஜா இல்லை என்ற வரி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தேக்குச் சட்டம்னு போட்டிருக்கீக. அடிச்சவுக யாருன்னு போடலையே? அவுக நம்ம ஊரு ஆசாரி. இந்த வீட்டு நிலைக்கதவும் அவுக அடிச்சதுதான். எழுதுங்க."

பேனாவைத் திறந்து, அவர் சொன்ன பெயரையும் ஊரையும் அந்த வரியிலேயே சேர்த்தேன்.